மயில்துத்தம்

ஒரு குண்டு. பிறகு துடை.
இன்னொரு குண்டு. பிறகு துடை.
புதுக் குழலைப் பழக்க இதுதான் முறையென்று
பெட்டிக்குள் மடித்திருந்த தாள் சொல்கிறது.
போஜராஜ் சொல்கிறான்:
"நல்ல குழல் முதல் குண்டிலேயே நல்லது.
கெட்டது நூறு தடவை துடைத்தாலும் கெட்டது.
ஒரு தோட்டா என்ன விலை தெரியுமா?"

தெரியும்.
பில் என் பெயரில்தான் வந்தது.
உரிமத்துக்கு மூன்று வருடம்,
சுங்கத்தில் ஏழு வாரம்,
சங்கத்துக் கடன் இன்னும் பதினாறு தவணை.

கட்டபெட்டுக்குக் கீழே, பழைய கல்குவாரியில்
காலை ஏழு மணி.
முந்நூறு மீட்டர் தள்ளி மண்மேடு,
மேட்டின்மேல் தாள்,
தாளுக்கும் எனக்கும் நடுவே
போகலாமா வேண்டாமா என்று நிற்கும் பனி.

குழலைக் கடைந்த கத்தி
உள்ளே கீறல்களை விட்டுப்போயிருக்கும்.
ஓடும் குண்டின் செம்புத் தோலை
பூனை நாக்குப் போல நக்கி எடுப்பவை.
எடுத்தது அங்கேயே படியும்.
படிந்ததன்மேல் அடுத்தது படியும்.
விட்டால் குண்டு எங்கோ பார்த்துக்கொண்டு போகும்.
ஆகவே துடை.

முதல் குண்டு. தோளில் ஒரு இடி.
எதிர்மலை அதைத் திருப்பிச் சொல்லுமுன்
கொஞ்சம் யோசித்தது.
கரைப்பானில் நனைத்த துணியைப்
பின்வழியே விட்டு வாய்வழியே தள்ளினேன்.
அம்மோனியா மூக்கைக் கிள்ளியது.
துணியில் நீலம்.
குறிஞ்சி என்று எழுதத் தோன்றும் உங்களுக்கு.
இல்லை. மயில்துத்தம்.
கிழங்குச் செடி கருகாமலிருக்க
சுண்ணாம்போடு கலக்கி
வாளி வாளியாக நான் அடிக்கும் அதே நீலம்.

இரண்டு. மூன்று. நான்கு.
நீலம் வெளிறிக்கொண்டு வந்தது.
இன்று புள்ளி கிடையாது,
குண்டு எங்கே போனதென்று கேட்க ஆளில்லை.
இப்படிச் சுடுவதில் இத்தனை நிம்மதி இருக்குமென்று
போன நவம்பரில், ஒரு புள்ளியில் தோற்று
மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜன்னலுக்குத் திரும்பியிருந்தபோது
யாராவது சொல்லியிருக்கலாம்.

ஐந்து.
ஆறாவதற்கு விரல் போகையில்
தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்
"நில்" என்றான்.
மண்மேட்டோரம் ஒரு காட்டுமாடு,
வெள்ளைக் காலுறை நான்கும் சேறு.
தாளை முகர்ந்தது. பிடிக்கவில்லை.
போல்ட்டைத் திறந்து, தோட்டாவை எடுத்துப்
பாயில் வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன்.
நாற்பது நிமிடம்.
அது சீகைமரத்தில் முதுகு தேய்த்தது.
குழல், கை பொறுக்கும் சூட்டுக்கு வந்து,
பிறகு பாறையின் குளிருக்குப் போனது.
பிளாஸ்கில் காபி தீர்ந்தது.
போகும்போது மேட்டில் சாணி போட்டுவிட்டுப் போனது.

ஆறு, ஏழு, எட்டு.
நீலம் குறையவில்லை.
ஒன்பதிலும் அதே வெளிர்நீலம்.
பழைய பனியனைச் சதுரம் சதுரமாக
வெட்டி வந்ததெல்லாம் முடிந்து
கைக்குட்டையைக் கிழித்தேன்.
"குழல் மோசம்" என்று அவன் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்,
சௌகரியமாக இருந்திருக்கும்.
கோலை வாங்கி, நுனியைத் திருப்பி,
நகத்தால் சுரண்டிப் பார்த்து,
"மாதி, இது பித்தளை" என்றான்.

பித்தளைக்குள்ளும் செம்புதான்.
குழலில் இல்லாத கறையைத்
துடைக்கப் போன கோலே
துணிக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.
எந்தத் துணி வரை குழலின் நீலம்,
எதிலிருந்து கோலின் நீலம்,
இனி யாராலும் பிரிக்க முடியாது.

நைலான் நுனி ஒன்று அவன் பையில் இருந்தது.
காலையிலிருந்தே இருந்தது.
அதை வழியில் பேசிக்கொள்வோம்.

மாட்டி ஒரு தடவை விட்டேன்.
ஓரத்தில் கொஞ்சம் கரி,
மற்றபடி வெள்ளை.

காட்டுமாட்டின் மூக்கு ஈரம் காய்ந்த தாளை மாற்றிவிட்டு
கடைசி மூன்று, துடைக்காமல், அடுத்தடுத்து.
நடந்து போய்ப் பார்த்தோம்.
மூன்று துளையையும் ஒரு தீப்பெட்டி மூடியது.
பழக்கியதால் என்றேன் நான்.
பிறவியிலேயே என்றான் அவன்.

மத்தியானம் கிழங்குக் காட்டுக்கு மருந்து கலக்கினேன்.
முழங்கை வரை நீலம்.
வாளியில் கிளறிய கோலை வெளியே எடுத்து
ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.
மரம்.