மற்றவை

சிரம்பான் ஓட்டலில், குளிரூட்டிய அறையில்
மிஸ்டர் யாப் சொல்லிக்கொடுத்தார்:
சாவைப் பற்றிப் பேசாதே.
ஆஸ்பத்திரிக் கட்டிலைக் காட்டாதே.
பயந்தவன் கதவைச் சாத்துவான்,
சிரித்தவன் நாற்காலி போடுவான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு
வழவழத் தாளில்
ஆளுக்கு நாற்பது சந்தோஷம் கொடுத்தார்கள்.
பட்டமளிப்பு அங்கியில் ஒரு பெண்,
புது வீட்டுச் சாவி,
கடற்கரையில் வெள்ளை முடித் தம்பதி.
யார் முகத்திலும் வேர்வை இல்லை.

பகாவில் சனிக்கிழமை மாலை
என் மோட்டார் செம்பனை லாரிக்குப் பின்னால்
பழவாடையோடு ஊர்ந்தது.
மூன்றாவது லயம், கடைசி வீடு.
நான் சிரிப்பதற்கு முன்பே
பவுனம்மா நாற்காலி போட்டுவிட்டார்.

பட்டமளிப்புப் பெண்ணை மேசையில் வைத்தேன்.
"மகன் சிங்கப்பூர்ல வெல்டிங் பண்றான். போதும் அவனுக்கு."
சாவியை வைத்தேன்.
"பூட்டி வைக்க என்ன இருக்கு?"
கடற்கரையை வைத்தேன்.
போர்ட்டிக்சன் போனதுண்டாம், ஒருமுறை,
தொழிற்சங்கப் பஸ்ஸில்.
சேலையெல்லாம் மணலாம்.

பேனா மூடியைத் திறந்தேன், மூடினேன்.
பயிற்சியில் இல்லாததைக் கேட்டேன்:
அக்கா, உங்களுக்கு என்னதான் வேணும்?

தே-ஓ ஆறும்வரை யோசித்தார்.
"இருபத்தேழு வருஷமா நாலு மணிக்கு எழுந்திரிக்கிறேன்,
பெரட்டுக்கு.
ஒரு நாள் மழை பெய்யணும்.
பெய்யிறது காதுல விழணும்.
அன்னிச் சம்பளம் போச்சேன்னு கணக்குப் பாக்காம
பொரண்டு படுத்துத் தூங்கணும்,
ஒன்பது மணி வரைக்கும்.
அதுக்கு எவ்வளவு கட்டணும்?"

படிவத்தில் நான்கு கட்டம்:
கல்வி, வீடு, ஓய்வுக்காலம், மற்றவை.
மற்றவையில் கோடு போட்டேன்.
மாதம் எண்பது வெள்ளி என்றேன்.
இடையில் நின்றால் கட்டியது திரும்பாது என்றும் சொன்னேன்,
சின்ன எழுத்தில் இருப்பதைச்
சின்னக் குரலில்.
அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கையெழுத்துப் போட்டார், மழைக்கு.

ஒரு தூக்கத்தை விற்றவளுக்கு ஆசை விடவில்லை.
பக்கத்து வரிசை சவரிமுத்துவிடம்
அதே மழையை இறக்கினேன்,
பொரண்டு படுப்பது உட்பட.
ஓய்வு பெற்ற லாரி டிரைவர்
வாய்விட்டுச் சிரித்தார்.
"வேலைய விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, தங்கச்சி.
நாலு மணிக்கு டாண்ணு முழிப்பு வந்துடுது.
அதுக்கு ஏதும் காப்புறுதி இருக்கா?"

திரும்பும்போது தூறல்.
பையில் நாற்பது சந்தோஷமும் அப்படியே,
ஓரம் நனைந்து.
கொடியிலிருந்து துணிகளை
அவசரமாக உருவிக்கொண்டிருந்த பவுனம்மா
என்னைப் பார்த்துக் கையசைத்தார்.
சின்னக் குரலில் சொன்னதை
இன்னொரு முறை, சத்தமாக,
சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.
மோட்டாரை நான் நிறுத்தவில்லை.