வடிதட்டு

மேல்காற்று இரண்டு நாளாய்
நார்த்தை மரத்தைப் போட்டு உலுக்கியதில்
மூன்றாம் நாள் விடியப்
புறவாசலில் கிடந்தன மூன்று குஞ்சுகள்.
கூடு, துவைகல்லின் மேல்
பிரிந்த சும்மாடு மாதிரி.

ஒன்று வாயைத் திறந்தது.
கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டேன்.
விரலெல்லாம் பீடித்தூள்,
பதினெட்டு வருஷ வாடை.
என் சோற்றில் எனக்கே அது தெரிவதில்லை.
சீயக்காய் போட்டு, சாம்பல் போட்டு,
கொம்பையாவின் பற்பசையும் போட்டுத் தேய்த்தேன்.

"மனுசக் கை பட்டா தாய் சேக்காது"
என்றாள் பூலம்மா மதினி, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.
"கெடக்கட்டும்ளா, பூனைக்கும் பசிக்கும்லா."
மேலவீட்டுக் கடுவன்
அதற்குள் சுவரில் ஏறியிருந்தது.

முதலில் செய்தது தப்பு.
கருப்பட்டி வந்த ஓலைக்கொட்டானில்
பழந்துணி விரித்து வைத்துவிட்டேன்.
உலை கொதிக்கவில்லை,
முக்கூடல் வடக்குத்தெரு எறும்பு மொத்தமும் கொட்டானில்.
ஊதி ஊதி, ஒவ்வொன்றாய்க் கிள்ளி,
இமையைக் கவ்வியிருந்த கடைசி எறும்பை எடுக்கையில்
நான் அழுதேனாம்.
கொம்பையா சொல்லித் திரிகிறான்.

பிறகுதான் வடிதட்டு.
சோறு வடிக்கிற பிளாஸ்டிக் தட்டு, சாரல் விழுந்தாலும் தேங்காது.
துணிக்கொடியை அவிழ்த்து
நார்த்தைக் கவட்டில் இறுக்கிக் கட்டினேன்.
முழங்கை வரை முள் கோடு போட்டது.
டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தவனைத் தடுத்தேன்,
புரையேறிச் செத்துப்போகும்.
கால் பிய்த்த தத்துக்கிளி, ஆளுக்கு ஒன்று.
போதும், இனி அதுகள் பாடு.

கதவை ஒருச்சாய்த்து உள்ளே உட்கார்ந்தேன்.
மடியில் சுளவு. கையில் கத்தரி.
இலை வெட்டுவது கை மட்டும்தான்.

வந்தன ஏழு தவிட்டுக்குருவிகள்.
பந்தியில் இடம் கிடைக்காத
மாப்பிள்ளை வீட்டார் போல ஒரே ஏச்சு.
முதலில் கடுவனை ஏசின,
அது இறங்கி ஓடையைத் தாண்டும் வரை.
பிறகு தட்டை. பிறகு நான் போட்ட முடிச்சை.
அதன்பிறகு ஒன்று, அலகில் பச்சைப்புழுவோடு,
விளிம்பில் வந்து அமர்ந்தது.

என் கை பட்ட குஞ்சின் வாய்க்குள்
புழு போயிற்று.
'மதினீ' என்று கூப்பிட வாயெடுத்து
சும்மா இருந்துவிட்டேன்.

புறவாசல் எங்களுடையதாக இல்லை
பதினோரு நாள்.
துணி ஆற்றுக்குப் போனது.
குளிக்க என் வீட்டுக்காரர் நம்பிராசன் வாய்க்காலுக்குப் போனார், முனகிக்கொண்டே.
பீடிக்கடையில் எண்ணிக்கை இருநூறு குறைவு,
அதிலும் நூறு கழிவு.
"கண்ணு எங்கன இருந்துச்சு?"
செல்லப்பா கேட்டார்.
"மரத்துல."

நாலாம் நாள் ஒன்று அசையவில்லை.
முருங்கை மூட்டில் புதைத்தேன்.

மற்ற இரண்டில் ஒன்று
வேகமாய்ப் பெருத்தது. முதுகு கறுத்தது.
சிறகில் சுண்ணாம்பு இழுத்தது போல் வெள்ளை,
தலையில் கொண்டை மாதிரி ஏதோ.
நம்பிராசன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"ஏளா, இது சுடலைக்குயிலு.
வேற எவளோ இட்டுட்டுப் போன முட்டை."

அன்று மத்தியானம் முழுக்கப் பார்த்தேன்.
ஏழும் வந்தன.
பெரிய வாய்க்கு முதலில்,
சின்ன வாய்க்கு அப்புறம்.
தெரியாமல்தானா?
அத்தனை ஏச்சுக்குள்
அதைப் பற்றியும் ஒரு சொல் இருந்திருக்கும்.
ஆனால் புழு நிற்கவில்லை.

தவிட்டுக்குஞ்சு தத்தித் தத்தி
வேலிக்குள் போனது ஒரு காலையில்.
மற்றது பறந்தபோது நான் பார்க்கவில்லை,
அன்றைக்குச் சம்பள நாள்.

சோற்றை இப்போது
மூடியைச் சாய்த்துத்தான் வடிக்கிறேன்.
நேற்று கஞ்சி கையில் கொட்டிவிட்டது.
"தட்டை எப்பளா அவுப்பே?" என்றாள் மதினி.
மேல்காத்து நிக்கட்டும் மதினி என்றேன்.
"நின்னு ஒரு மாசம் ஆச்சு" என்றாள்.