வெள்ளை அட்டை

தொழுவுக்குப் பின்னால் ஏழு காற்றாலைகள்.
ஆடியில் அந்தக் காற்று
வைக்கோல் போரின் தலையைச் சீவிக்கொண்டு போகும்,
கொடியில் கிடக்கும் என் நைட்டியை
ஆரல்வாய்மொழி ஸ்டேஷன்வரை கொண்டுபோய் விட்டதும் உண்டு.
அதே காற்று
எங்கோ போய் மின்சாரமாகி
கம்பிவழி என் வீட்டுக்குத் திரும்பும்போது
கையில் ரசீது வைத்திருக்கிறது.

பதினோரு மாடு. கறவையில் எட்டு.
தக்கலையில் மூடிப்போன பண்ணையிலிருந்து வாங்கிய
இருநூறு லிட்டர் கூலர்;
ராத்திரி அது இருமும், நான் எழுந்து உட்காருவேன்.
கணக்கெடுக்க வந்த பையன்
வெள்ளை அட்டையில் எண்ணை எழுதிவிட்டு
"சரிதானாக்கா?" என்று என்னிடமே கேட்டான்.
சவம், எனக்கெப்படித் தெரியும்?
பால் காசில் பாதி அந்த எண்ணுக்குள் கிடந்தது.

வழி தேடி நாகர்கோவிலுக்கு நாலு நடை.
ஓர் அலுவலகத்தில் சூரியத் தகடு பற்றித் துண்டுத்தாள் தந்தார்கள்.
அதில் சிரித்த விவசாயியின் சட்டை
இஸ்திரி கலையாமல் இருந்தது.
வங்கியில் பட்டா கேட்டார்கள்.
பட்டா மாமனாரின் அண்ணன் பெயரில்,
அவரோ கல்லறைத் தோட்டத்தில்,
கையெழுத்துப் போட வரமாட்டார்.
கால்நடை டாக்டர் மட்டும்
"மடிநோய் பற்றிக் கேளுங்க, கரண்டு பற்றி எனக்குத் தெரியாது" என்றார்.
தெரியாது என்ற சொல்லைக் கேட்டே
நாளாகியிருந்தது. நன்றி சொல்லி வந்தேன்.

வங்கி பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்தான் வியாகுலம்.
சின்னமுட்டத்தில் ஐஸ் கம்பெனி மெக்கானிக்.
மீனுக்குக் குளிர் செய்கிறவர்
பாலுக்குக் குளிர் பார்க்க
ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து வந்தார்,
வண்டியில் ஒரு பிரஷ், ஒரு சுருள் செம்புக் குழாய்.
சட்டையிலிருந்த கடல் வாடைக்கு
செம்பி மூக்கை விடைத்தாள்.

மெஷினின் முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை.
பின்னால் போய்க் குனிந்தார்.
அங்கே எங்கள் பூனை
வயிற்றைக் காட்டிப் படுத்திருந்தது.
"ரோஸ்லெட், இவ எப்பவும் இங்கதானா?"
"மழைக்காலம் முழுசும்."
"உன் காசுமேல படுத்திருக்கா, கேட்டியா?"

பிரஷ் உள்ளே போய் வெளியே வந்தது.
நாலு வருஷத்து வைக்கோல் தூசி,
ஒரு தலையணைக்குக் காணும்.
அப்புறம் கிணற்றில் வாளியிறக்கி
தண்ணீரில் முழங்கைவரை விட்டு
கண்ணை மூடி நின்றார்,
யாரோ சொல்வதைக் கேட்பவர்போல.
"பால் மாட்டோட சூட்டில் வருது.
அந்தச் சூட்டில் ஒரு பங்கைக் கிணறு வாங்கிக்கும், சும்மா.
கேனைத் தொட்டியில் இறக்கி வை.
மிச்சத்துக்கு மட்டும் மெஷினைக் கூப்பிடு."
செம்புக் குழாயை வெந்நீர் டிரம்முக்கு இழுத்தார்:
பாலிலிருந்து கழற்றிய சூடு
கேன் கழுவத் திரும்பி வந்தது.

கூலி கேட்டேன். கையை ஆட்டினார்.
குறும்பி கன்று போட்ட மூன்றாம் நாள் அது.
சீம்பால் ஒரு தூக்குப்போணி
வண்டிக் கொக்கியில் ஆடிக்கொண்டு போயிற்று.

இரண்டு மாதம்.
தொட்டித் தண்ணீர் மாற்ற மறந்த நாள்களும் இருந்தன,
ஒருநாள் ஒரு கேன் கவிழ்ந்து
தென்னை மூடெல்லாம் வெள்ளை.
பூனை இடம் மாறிவிட்டது;
டிரம்மின் மூடிமேல் இப்போது.

பையன் வந்தான். எண்ணைப் பார்த்தான்,
பழைய எண்ணைப் பார்த்தான்,
மீட்டரை விரலால் தட்டினான்.
"நானூறு யூனிட் எங்கக்கா போச்சு?
மீட்டர்ல கை வெச்சீங்களோ?"
சோதிக்க ஆள் வருமென்று
அட்டையின் ஓரத்தில் எழுதினான்.

வரட்டும்.
பூனையைக் காட்டுகிறேன்.