காலை ஆறு மணிப் பழுப்பு ஏல்

துலூத்தில் பனி நின்றபோது நாலே முக்கால்.
நான் நின்றபோது ஆறு.
இரவெல்லாம் தெருக்களிலிருந்து வழித்த வெண்மையை
ஏரிக்கரையில் கொட்டிவிட்டு
வண்டியைக் கொட்டகையில் சேர்த்து
சாவியை ஆணியில் மாட்டினேன்.
தோள் மட்டும் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது,
டீசல் தோள்.

அடுத்த கட்டடம் பழைய படகு எஞ்சின் பட்டறை.
அங்கேதான் வெர்னா லாத்தி பியர் வடிக்கிறாள்.
பின்கதவைப் பாதி திறந்து கூப்பிட்டாள்:
ஓரின், உன் நாக்கு கொஞ்சம் வேணும்.

நாக்கு என்ன கத்தரிக்கோலா,
கேட்டதும் எடுத்துக் கொடுக்க?
ஆனாலும் போனேன்.
உள்ளே கதகதப்பு.

லெலண்டும் இருந்தான்,
எதிர்வரிசையில் காபிக்கொட்டை வறுப்பவன்.
அவன் சட்டையில் எப்போதும்
கருகலுக்கு ஒரு நொடி முந்தைய வாசம்.
பேசி ஓய்ந்த முகங்களோடு இருவரும்
ஒரு கண்ணாடிக் குவளையின் இரு பக்கமும் நின்றார்கள்,
பிள்ளையை வாத்தியார் முன் நிறுத்திய
அப்பா அம்மா மாதிரி.

அவன் கொட்டை, அவள் மால்ட்.
முந்நூறு காலன்.
வெள்ளிக்கிழமை குழாய்க்கு வரவேண்டும்.

விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தேன்.
நனைந்த பெல்ட்டின் பழுப்பு.
ஓரத்தில் மட்டும் சிவப்பு,
சேற்றுப்பனி அப்பிய பின்விளக்கு
உள்ளிருந்து எரிவதுபோல.
நுரை ஒரு விரற்கடை,
கலைய மனமில்லாத நுரை.

முதல் மிடறு:
ரொட்டியின் மேலோடு.
பாதாம், இல்லை, பாதாமின் தொலி.
பிறகு காபி
பின்னாலிருந்து முதுகில் தட்டி
எழுந்திரு என்றது.
பியர் சட்டையைப் பிடித்து இழுத்து
உட்கார் என்றது.

எனக்கு இரண்டும் பழக்கம்தான், தனித்தனியாக.
இரவு எட்டுக்கு நான் காபி குடித்துப் புறப்படுவேன்.
ஊர் காபி குடிக்கும்போது எனக்குப் பியர்.
என் நாளின் இரண்டு ஓரங்களையும்
யாரோ போர்வையாய் மடித்து
ஒரே குவளைக்குள் திணித்திருந்தார்கள்.
எந்தப் பக்கம் போவதென்று
தொண்டை ஒரு கணம் சிக்னலில் நின்றது.

இரண்டாம் மிடறில்
வேறொன்று.
பச்சையாக.

சொல்லலாமா என்று பார்த்தேன்.
வெர்னா காய்ந்த கையையே
மறுபடி மறுபடி துடைத்தாள்.
லெலண்ட் தரையில் வடிகாலைப் பார்த்தான்.

குடைமிளகாய், என்றேன்.

தொட்டிக்குள் ஒரு கொப்புளம் வெடித்தது.
எங்களில் அதுதான் முதலில் பேசியது.

பார்த்தாயா, என்றார்கள் பிறகு இருவரும்,
ஒரே மூச்சில், ஒருவரை ஒருவர்.
வறுத்தது போதவில்லை என்றாள் அவள்.
ஊறியது அதிகம் என்றான் அவன்.
ஒரு ராத்திரி போதும் என்றேனே,
மூன்று நாள் கொட்டையைப் பியரிலேயே விட்டுவைத்தாய்.
வேண்டுமென்றா விட்டேன்?
இந்தத் தெருவில் இடுப்பளவு பனி,
எப்படி வந்து பையை வெளியே எடுப்பேன்?

பனி என்றதும்
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

முதலில் மருத்துவமனைச் சாலை.
பிறகு பள்ளிக்கூடங்கள்,
பிறகு பேருந்து ஏற முடியாமல் சறுக்கும் மேட்டுத்தெருக்கள்.
பட்டியலை எழுதியது நானில்லை.
ஆனால் மூன்றாம் இரவுவரை
இந்த மூலையைத் தாண்டித் தாண்டிப் போனது
என் வண்டிதான்,
தகடு தரையைத் தொடாமல்,
தூக்கிய புருவத்தோடு.

வாதாட ஒன்றுமில்லை.
மூன்றாம் மிடறை
என் சொந்தப் பொருள் என்று குடித்தேன்.
இதோடு தின்ன ஏதாவது இருக்கா?

லெலண்ட் கோட்டுப் பையிலிருந்து
காகிதம் சுற்றிய முட்டை சாண்ட்விச்.
மூன்றாகப் பிய்த்தோம், சரிசமமாக இல்லை.
முட்டையைக் கண்டதும் அந்தப் பச்சை வாசம்
விருந்துக்குத் தப்பான நாளில் வந்துவிட்டு
நாற்காலி கிடைத்ததும் நிம்மதியானவன்போல்
அடங்கி உட்கார்ந்தது.
வெர்னா மென்றபடியே
முட்டையா, என்றாள், கணக்குப் போடும் குரலில்.

வெள்ளிக்கிழமை என்ன செய்வார்கள், தெரியாது.
வடிகாலுக்குப் போகலாம் முந்நூறு காலன்.
நான் நடந்து வீட்டுக்குப் போனேன்.
ஒன்பதரைவரை கண் மூடவில்லை.
மூடியபின் திறக்கவில்லை,
வெளியே மறுபடி விழத் தொடங்கியிருந்தும்.