யாரால?

நான் டேங்க் ஆபரேட்டர்.
விடிகாலை நாலு மணிக்கு
மும்முனை மின்சாரம் வந்ததும்
மோட்டார் போடுகிறவள்.
பூலாங்கரட்டில் எந்தத் தெருக் குடம்
எப்போது நிறையும் என்பது
எனக்கும் மின்வாரியத்துக்கும்தான் தெரியும்.
மின்வாரியம் சொல்லாது.

ஏழு வருடமாக ஒரு டைரியில்
மீட்டர் எண்ணைக் குறித்துவந்தேன்.
ஏன் என்று யாரும் கேட்டதில்லை.
போன ஆடியில் மாதம்மாள் கேட்டாள்.
அவள் மகனின் செல்போனில் கூட்டிப் பார்த்தோம்.
மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும்
ஊராட்சி ஒரு வருடத்தில் கட்டியது
நாலு லட்சத்துச் சொச்சம்.
கட்டாமல் நின்றது அதற்கும் மேலே.

மேட்டூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் சின்னக்கா
துணியைக் கொடியில் போடும்போது ஒருமுறை உதறுவாள்,
எடுக்கும்போது இன்னொரு முறை.
இரண்டாவது உதறல் சாம்பலுக்கு.
அங்கே எரிகிற கரி
இங்கே எங்கள் குடத்தில்
தண்ணீராக விழுகிறது என்று
அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சேகோ ஆலை விட்டு வந்தபிறகு
மாவு ஒட்டிய கையோடு வீடுவீடாகப் போனோம்.
தண்ணி மோட்டார், தெருவிளக்கு, பள்ளிக்கூடம்
மூன்றும் மூன்று வருடத்தில் சூரிய மின்சாரத்துக்கு.
அவ்வளவுதான் கேட்டோம்.
"தகடு ஓசியா?" என்றார்கள்.
"லோன் கட்டலன்னா கூரையப் பிடுங்குவானா?"
"கிராமசபைக்கு வந்தா டிபன் உண்டா?"

அக்டோபர் இரண்டு.
வெயிலைப் பற்றிப் பேசப் போன நாளில்
சேர்வராயன் மலையே தெரியாதபடி மேகம்.
வையாபுரி எழுந்து
வானத்தைக் காட்டிச் சிரித்தார்:
"இதுக்கு என்ன பண்ணுவீங்க?"
இருசாயி உட்கார்ந்தபடியே சொன்னாள்:
"மழ பெஞ்சா களத்துல ஜவ்வரிசி காயாதுதான்.
அதுக்குன்னு குச்சிக்கிழங்கு நடாமயா இருக்கோம்?"

இருநூறு பேர் வேண்டும்.
நூற்றி எண்பத்தாறில் நின்றது கணக்கு.
செயலர் கடிகாரத்தைப் பார்த்தார்,
பேனாவை மூடினார்.

அப்போது நான் செய்தது தப்புதான்.
பின்பக்கமாகப் போய்
கீழத்தெரு வால்வை மூடினேன்.
கால் மணி நேரத்தில்
காலிக் குடங்களோடு இருபது பேர்,
எங்கே அந்த டேங்க்காரி என்று.
கையெழுத்து நோட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.
இரண்டு பேர் திட்டிவிட்டுத் திரும்பினார்கள்.
பதினெட்டுப் பேர்
குடத்தைக் கீழே வைத்துவிட்டுத்
திட்டினார்கள்.
குடத்தை வைத்தால் கை சும்மா இருக்கும்,
பேனா கொடுக்கலாம்.

தீர்மானத்தைச் செயலர் எழுதினார்.
இருசாயிக்குப் படிக்கத் தெரியாது.
"வாசிங்க" என்றாள்.
"சூரிய மின்சக்தி அமைப்பது குறித்து
உரிய முறையில் பரிசீலிக்கப்படும்."
"யாரால?"
"அது ஆபீஸ் தமிழும்மா."
"சரி. யாரால?"

மழைத் தூறல் பந்தலில் விழும் சத்தம் கேட்டது.
அவர் பேனா ஒரு சொல்லை அடித்தது,
இன்னொரு சொல்லை அடித்தது.
கடைசியில்:
"மூன்று ஆண்டுகளுக்குள் இவ்வூராட்சி மாற்றும் என
ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."
"ஒருமனசெல்லாம் இல்ல,
நான் எதிர்ப்பு" என்றார் வையாபுரி.
அதையும் அடித்தார்.
அடித்ததற்குப் பக்கத்தில் சுருக்கொப்பம்.

ஒன்றிய அலுவலகத்துக்குப் போன நகலில்
எனக்குப் பிடித்தது அந்த அடித்தல்கள்தாம்.
வரிசையாக, சுத்தமாக எழுதியிருந்தால்
எங்கள் ஊர் அங்கே இருந்ததென்று
யார் நம்புவார்கள்?

மறுநாள் நாலு மணி.
அதே மும்முனை, அதே கரி.
மீட்டர் எண்ணை எழுதி
அடியில் ஒரு கோடு போட்டேன்.
மூன்று வருடம் என்றால்
இன்னும் இரண்டு டைரி வாங்கவேண்டும்.

கீழத்தெரு வால்வை
முதலில் திறந்துவிட்டேன்.