பாப்பம்

செவ்வாய்க்கிழமை வந்தவர்களுக்கும் நான்தான் மொழிபெயர்ப்பு,
வெள்ளிக்கிழமை வந்தவர்களுக்கும் நான்தான்.
யாழ்ப்பாணத்தில் நாள்கூலிக்கு
மூன்று மொழி பேச வேறு ஆள் அகப்படவில்லையாம்.

குறிகட்டுவானில் இருந்து நேவியின் படகு.
இரண்டு நாளும் எனக்குக் கொக்கி உடைந்த அதே அங்கி.
தீவின் இறங்குதுறையில் அதே பள்ளிக்கூடப் பாண்ட்,
கையில் மட்டும் வேறு கொடி.
செவ்வாய்க்கிழமைக் கொடிகளைச் சுருட்டி
அதிபர் அலுமாரிக்குப் பின்னால் செருகியிருந்தார்.
நுனி தெரிந்தது. நான் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

செவ்வாய்க்காரர் காற்றைப் பற்றிக் கேட்டார்கள்.
சோளகம் எத்தனை மாதம், வாடை எப்ப தொடங்கும்,
கச்சான் என்றால் கடலையா காற்றா.
எல்லாம் எழுதினார்கள்.
பிறகு அவர்களில் உயரமானவர் கரைக்குப் போய்
தொலைநோக்கியை எடுத்தார்.
காற்றாலைக்குக் காட்டிய காணி தெற்கே இருந்தது.
அவர் பார்த்தது வடக்கே.

வெள்ளிக்காரரும் காற்றைப் பற்றித்தான் கேட்டார்கள்.
(வெள்ளைக்காரர் வேறு. அவர்கள் போய்விட்டார்கள்,
கோட்டையை மட்டும் விட்டுவிட்டு.)
இரண்டாவது கேள்வி:
முந்தி வந்தவர் எந்த இடத்தில் நின்று பார்த்தார்?
மணலில் சப்பாத்தடி இருக்கா என்று
உண்மையாகவே குனிந்து தேடினார்கள்.

இரண்டு தரப்பும் அடிக்கடி சொன்ன ஆங்கிலச் சொல் ஒன்று.
அவர்களுக்கு ஒன்றே போதும்.
தமிழில் அதற்கு எனக்கு மூன்று வேண்டும்:
நலன், அக்கறை, வட்டி.
செவ்வாய்க்கிழமை அக்கறை என்றேன்.
வெள்ளிக்கிழமையும் அக்கறை என்றேன்.
சங்கத்துக் கணக்குப் பார்க்கும் செலஸ்ரீன்
பின்வரிசையில் இருந்து கேட்டாள்:
"எந்த ரானா பிள்ளை, சின்னனோ பெரிசோ?"
மண்டபம் சிரித்தது.
தலைவரும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு
என்ன பகிடி என்று என்னிடம் குனிந்தார்.
எழுத்துப்பிழை, என்றேன்.

பற்றீஸ் முடியும் நேரம் நேசரத்தினம் எழும்பினார்.
தீவின் டீசல் எஞ்சினுக்குப் பொறுப்பு,
நகத்துக்குள் எண்ணெய்.
"இரவு பன்ரெண்டுக்கு நிப்பாட்டுறன்,
விடிய ஐஞ்சுக்குப் போடுறன்.
உங்கட காத்தாடி
அந்த ஐஞ்சு மணித்தியாலமும் சுத்துமோ?"

செவ்வாய்க்கிழமைப் பதில் பதினொரு நிமிசம்.
பிராந்திய நிலைத்தன்மை, கடல்வழி, பகிரப்பட்ட எதிர்காலம்.
வெள்ளிக்கிழமைப் பதில் அதைவிட நீளம்,
இரண்டாயிரம் வருசத்து உறவில் தொடங்கியது.
நான் இரண்டையும் ஒரு வரியில் சொன்னேன்:
"சுத்துமோ எண்டு அவைக்கும் தெரியாது."

கடைசியில் கடிதம் ஒன்று நீட்டப்பட்டது, ஆதரவுக் கடிதம்.
சங்கத் தலைவர் மரிசலீன் கண்ணாடியைத் துடைத்தார்,
போட்டார், கழற்றினார்.
"பாப்பம்," என்றார்.

இரண்டு கிழமையும் அதையே சொன்னார்.
செவ்வாய்க்காரர் 'கொள்கையளவில் இணக்கம்' என்று குறித்தார்கள்.
வெள்ளிக்காரர் 'மற்றத் தரப்பை நிராகரித்தனர்' என்று.
நான் திருத்தவில்லை.
எப்படித் திருத்துவது?
உடுப்புப் போட்டு வந்து கதவு தட்டிய எல்லாருக்கும்
இந்தக் கரை சொல்லிவந்த சொல் அது.
ஓம் என்றால் மற்றவன் வருவான்.
இல்லை என்றால் கேட்டவனே திரும்பி வருவான்.
பாப்பம் என்றால்
அடுத்த படகு வரைக்கும் இருக்கலாம்.

என் கூலி இன்னும் வரவில்லை.
கேட்டேன். பரிசீலனையில் இருக்கிறதாம், இரண்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கடல் எழும்பிவிட்டது.
வரைபடச் சுருள்களை ஏற்றியதும்
படகில் எனக்கு இடமில்லை.
செலஸ்ரீன் வீட்டில் படுத்தேன்.
பன்னிரண்டுக்கு எஞ்சின் நின்றபோது
சோளகம் மட்டும் கேட்டது,
ஒருவருக்கும் வேலை செய்யாத காற்று.
அவள் இருட்டில் எழும்பி, பெட்டியைத் திறந்து
புருசனின் இன்சுலினை எடுத்து
ஈரமணல் போட்ட முட்டிக்குள் வைத்தாள்.
கடலில் வடக்கே ஒரு வெளிச்சம்,
மேற்கே ஒன்று. அசையவில்லை.
"ஆற்ற கப்பல்?" என்றேன்.
முட்டியை மூடிவிட்டு வந்து படுத்தாள்.

ஐந்து மணிக்கு எஞ்சின் இருமியது.
மூன்றாந்தரம்தான் பிடித்தது.