பன்னிரண்டு கஜம்

என் பந்து வலப்பக்கம் ஒதுங்கும்.
அதிகமில்லை, பன்னிரண்டு கஜம்.
காற்று படுத்திருக்கும் நாளில் பத்து.
கெய்த்னஸ் கரையில் காற்று படுத்திருப்பது
வருடத்துக்கு நாலு நாள்.

அதனால் ஏழாவது குழிக்கு
நான் கொடியைப் பார்ப்பதில்லை.
இடப்பக்கம், செம்மறி மேயும் நிலத்துக்கு அப்பால்,
ஒரு காலத்தில் மீனுக்குப் புகைபோட்ட கொட்டகை,
அதன் புகைபோக்கியைப் பார்க்கிறேன்.
பத்தொன்பது வருடமாக அதற்குத்தான் குறி.
ஒருமுறைகூட அதன்மேல் பட்டதில்லை.
பந்து அதை நோக்கிக் கிளம்பும்,
பாதி வழியில் மனம் மாறும்,
கொடிக்குப் பக்கத்தில் இறங்கும்.
இரண்டு தட்டு. உள்ளே.

கிளப்புக்குப் புதிதாக வந்த பயிற்சியாளன்
ஸ்ட்ரூவன், இருபத்தாறு வயது,
கேட்காமலே என்னைப் படம் பிடித்தான்.
செல்போனில் என்னை நகர்த்தி, நிறுத்தி, நகர்த்தி,
மட்டை உச்சிக்குப் போன இடத்தில் உறையவைத்து
என் இடது மணிக்கட்டை நகத்தால் தொட்டான்.
"இங்கே பாருங்க இஷ்பல், கொஞ்சம் மடங்குது.
இம்மிதான்."

மீன் பண்ணையில் மோட்டார் பழுதுபார்க்கிறவள் நான்.
இம்மி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.
இம்மி விலகிய பேரிங்
ஒரே ராத்திரியில் தண்டைத் தின்றுவிடும்.
ஆனால் மூன்றாம் எண் பம்ப் என்று ஒன்றும் அங்கே இருக்கிறது.
வந்த நாளிலிருந்தே முனகல், பதினோரு வருடம்.
அதை நான் திறப்பதில்லை.
முனகல் நின்றால்தான் ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

"எத்தனை நாள் ஆகும்?"
"மூணு மாசம். முதல்ல மோசமாகும்,
அப்புறம் சரியாகும்."
எவ்வளவு மோசம் என்று அவன் சொல்லவில்லை.
செப்டம்பரில் டொலினாவோடு ஜோடி ஆட்டம்.
போன வருடம் ஒரே அடியில் தோற்றோம்,
என் அடி அல்ல, அவளுடையது.
அதை இதுவரை நான் சொல்லிக்காட்டியது
ஆறேழு முறைக்கு மேல் இருக்காது.

ஆடத் தெரியாதவளுக்கு முற்றம் கோணல்.
எனக்கு ஆடத் தெரியும்.
முற்றமும் கோணல்தான், கடல்
ஒரு பக்கமாகக் கடித்துவைத்திருக்கிறது.
கோணல் முற்றத்தில் கோணலாக ஆடி
பதினொன்று என்று ஒரு ஹேண்டிகேப் சம்பாதித்திருக்கிறேன்.
அதில் கோணலுக்கு எவ்வளவு,
எனக்கு எவ்வளவு?

ஜூனில் இங்கே இரவு பத்தரைக்கும் வெளிச்சம் உண்டு.
யாருமில்லாத ஏழாவது மேடையில்
அவன் சொன்னபடி மணிக்கட்டைத் தட்டையாக வைத்தேன்,
யார் கையையோ இரவல் வாங்கியதுபோல்.
முதல் மூன்றும் புல்லைத்தான் கிழித்தன.
நாலாவது
சத்தமே வேறு.
கையில் ஒன்றும் தெரியவில்லை.
நூல் பிடித்தாற்போல் போனது,
வளையாமல், மனம் மாறாமல்,
போய்ப் புகைபோக்கியின் நெற்றியில் மோதி
உள்ளே விழுந்து
இருட்டில் எதையோ உருட்டிற்று.
செம்மறிகள் தலைதூக்கிப் பார்த்தன.

சிரித்தேன். அப்புறம் சிரிக்கவில்லை.
புகைபோக்கியைப் பார்த்தே நின்றிருந்தன
பாதம், இடுப்பு, தோள், கண் எல்லாம்.
ஒரு சின்ன மணிக்கட்டுக்காக
சம்பளமில்லாமல் இத்தனை பேர்
இத்தனை வருடம் வேலை பார்த்திருக்கிறார்கள்.
அவனை நிமிர்த்திவிட்டேன் என்று
மற்றவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

கொடியை நேராகப் பார்த்து நிற்க முயன்றேன்.
கூச்சமாக இருந்தது,
ஓரக்கண்ணிலேயே பேசிப் பழகிய ஒருவர்
எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு
உட்கார்ந்ததுபோல்.
பையில் ஒரு பந்து மிச்சம்.
அடிக்காமல் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

புதன்கிழமை ஸ்ட்ரூவனிடம் முதல் வகுப்பு.
வேண்டாமென்றால்
செவ்வாய் நாலு மணிக்குள் சொல்லவேண்டும்.

செவ்வாய், மூன்றரை.
மூன்றாம் எண் முனகிக்கொண்டிருந்தது.
வழக்கம்போல் அதன் முதுகில் இடது கையை வைத்தேன்,
சூடு பார்க்க.
மணிக்கட்டைக் குனிந்து பார்த்தேன்.
மடங்கித்தான் இருந்தது.
அதிர்வு அந்த மடிப்புவரை வந்து
அங்கே நின்றது.